தில்லி – கொல்கத்தா: தூரமும் நேரமும்

தில்லியிலிருந்து கொல்கத்தாவுக்கு ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர். பிரயாண நேரம் யாது? இவ்வகைக் கணக்குகளை மாணவர் நன்கறிவர். தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஒரு மணி முப்பத்தேழரை நிமிடம் என்று விடை வரும். வகுத்தலில் பிழையில்லை. ஆயினும் அதனைப் பிரயாண நேரம் என்று கற்பிப்பது ஏற்கத்தக்கதன்று. விமான அட்டவணை இப்பிரயாணத்திற்கு இரண்டு மணிக்கு மேல் காட்டுகிறது. கணக்குப் பொய்யா, அட்டவணை பொய்யா என்று மாணவன் கேட்பின், ஆசிரியரிடம் விடை இருத்தல் வேண்டும்.

அட்டவணை நேரம், விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வது முதல் மறு நிலையத்தில் வந்து நிற்பது வரையிலான நேரமாகும். ஓடுபாதைவரை ஊர்தல், முறைக்குக் காத்திருத்தல், மேலேறுதல், இறங்குதல் ஆகிய யாவும் அதில் அடங்கும். மணிக்கு 800 கிலோமீட்டர் என்பது நடுவழி வேகமேயன்றி முழுவழி வேகமன்று. (இரு நகரங்களிலும் கடிகாரம் ஒன்றே. கொல்கத்தாவில் உச்சிப்பொழுது முக்கால் மணி அளவு முந்தி வருவதற்கும் பிரயாண நேரத்திற்கும் சம்பந்தமில்லை.)

இனிக் காற்றைக் கவனிப்போம். குளிர்காலத்தில் இமயத்துக்குத் தெற்கே, வட இந்தியாவின் மீது, விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் கடுவேகத்தில் வீசுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அது இமயத்துக்கு வடக்கே பெயர்ந்துவிடும். பயணத் திசையில் அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று கொள்வோம். கொல்கத்தா செல்ல 87 நிமிடம். தில்லி திரும்ப 111 நிமிடம். போகையில் மிச்சமானது வருகையில் செலவாகி ஈடாகிவிடும் என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. காற்றில்லாத நாளில் இருவழிக்கும் சேர்த்து 195 நிமிடம். இங்கோ 198 ஆகிறது. எதிர்க்காற்றில் விமானம் நெடுநேரம் இருப்பதே காரணம். வெறும் வகுத்தல் கணக்கைவிட இது எவ்வளவு சுவையான பாடம்!

கள அலுவலருக்கு இது சுவைப் பொருளன்று. 2 முதல் 8 பாகை சென்டிகிரேடுக்குள் வைக்கவேண்டிய மாதிரியைத் தில்லியிலிருந்து அனுப்புவோர், "இரண்டு மணிப் பிரயாணம்தானே" என்று அதற்கேற்பப் பனிக்கட்டி வைத்தால் மாதிரி கெட்டுப்போகும். நிலையத்துக்குச் செல்லும் நேரம், சரக்கை ஒப்படைக்கும் நேரம், மறுபுறம் மீட்கும் நேரம் ஆகியவை பறக்கும் நேரத்தை எளிதில் விஞ்சிவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தில்லியின் மூடுபனியையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

தூரமே யாவற்றையும் நிர்ணயிப்பதில்லை என்பதற்கு அஞ்சல் துறையே சான்று. 1949-இல் தொடங்கிய இரவு விமான அஞ்சலில், நான்கு பெருநகரங்களின் விமானங்கள் நாகபுரியில் கூடிப் பைகளை மாற்றிக்கொண்டன. தில்லியின் கடிதம் 1,800 கிலோமீட்டருக்கு மேல் சுற்றியே கொல்கத்தாவை அடைந்தது. எனினும் இரவோடிரவாகச் சென்றமையால் பகற்பொழுது வீணாகவில்லை.

ஆதலின், மாதிரிகளுடன் செல்லும் படிவங்களில் "விமான நேரம்" என்றொரு கட்டம் இருக்குமாயின் அதனை நீக்கிவிடலாம். பெட்டியை மூடிய நேரமும் ஆய்வுக்கூடத்தில் திறந்த நேரமும் குறிக்கப்பட்டால் போதும்.