குழந்தைக்கு ஷிஃப்ட் நேரம் தெரியாது

பெங்களூரின் பீன்யாவில் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. 1970களில் உருவான இந்தத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையானாலும் ஆயத்த ஆடை ஆலையானாலும் ஷிஃப்ட் தொடங்கும்போது ஆள் உள்ளே இருக்க வேண்டும். கடிகாரத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஆள், வீட்டிலிருக்கும் இரண்டு வயதுக் குழந்தைதான். ஜட்டியை நனைக்காமல் ‘ஆய் வருது’ என்று அது சொல்லத் தொடங்கிவிட்டால் வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவும் முகம் சுளிக்க மாட்டார். அதனால்தான் அவசரம். அந்த அவசரமே காரியத்தைக் கெடுக்கிறது.

எந்த வயதில் பழக்குவது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், 1962இல் 1,170 குழந்தைகளைப் பற்றிய விவரங்களை வெளியிட்டார். வற்புறுத்தாமல், குழந்தை தயாரான பிறகே பழக்கியதில், பகல் நேரக் கட்டுப்பாடு வந்தது சராசரியாக 28.5 மாதத்தில். இன்றைய மருத்துவர்களும் ஏறக்குறைய இதே வழிதான் காட்டுகிறார்கள்: 18 மாதத்துக்குப் பிறகு அறிகுறிகளைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரமாவது ஜட்டி நனையாமல் இருக்கிறதா? தானே நடந்து போய் உட்கார முடிகிறதா? சொன்னது புரிகிறதா? ஈரத்துணி பிடிக்காமல் இழுத்துக் காட்டுகிறதா? ‘ஆம்’ என்றால் தொடங்கலாம்.

பாட்டிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் இருத்தி, ‘உஸ்’ என்று ஓசை கொடுத்துச் சில மாதக் குழந்தையையே பழக்கியவர்கள் அவர்கள். அதுவும் உண்மைதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ இனத் தாய்மார்கள் முதல் ஆண்டிலேயே பழக்கிவிடுவதை 1977இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. ஆனால் அந்த முறைக்கு, குழந்தையின் முக்கலையும் முகச் சுளிப்பையும் பார்த்தே புரிந்துகொள்ளும் ஒருவர் நாள் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும். பீன்யாவின் ஒற்றை அறை வீடுகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் தையல் மெஷின் முன் இருக்கிறார். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ‘பாட்டி’, ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஈடாகாது.

ஆகவே குழந்தை தயாரானால் மட்டும் போதாது, பெரியவருக்கும் நேரம் வாய்க்க வேண்டும். ஆயுத பூஜை, தீபாவளி என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்து, வீட்டிலேயே இருப்பதானால் தொடங்க ஏற்ற காலம். ஊருக்குப் பயணம், வீடு மாற்றம், தம்பியோ தங்கையோ பிறந்த சமயம் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. சாப்பிட்டதும் குடல் அசையும்; அப்போது ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். பெரியவர்களின் கழிப்பறைக் குழி குழந்தையைப் பயமுறுத்தும். பாதம் தரையில் பதியும்படியான சிறிய இருக்கை நல்லது. கழித்ததைக் கழிப்பறையில் கொட்டி, இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமி உண்டு.

அடித்தால், மிரட்டினால் குழந்தை அடக்கிக்கொள்ளும். மலம் இறுகும், போனால் வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். அப்படி நேர்ந்தால் சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். மலச்சிக்கல் நீடித்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது வலித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரவுக் கட்டுப்பாடு தனிக் கதை. ஐந்து வயதில்கூடப் படுக்கையை நனைப்பது அபூர்வமல்ல.

நாள் முழுக்கக் கூடவே இருக்க முடியாத தாய்க்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரவும் உரிமை தந்தது. அந்த நான்கில் ஒன்றைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஐந்து நிமிடமாக்கிக்கொள்ளலாம். வீட்டில் சொல்லும் அதே சொல்லைக் காப்பக ஆயாவும் சொன்னால் குழந்தை குழம்பாது. காப்பகமே இல்லாத ஆலையில் அதைக் கேட்டுப் பெறுவதும் இந்தப் பயிற்சியில் சேர்ந்ததுதான்.