ஏறுவெயில் படிச்சிருக்கீங்களா?

கிராமத்து நாவல்னு சொன்னதும் பட்டணத்து நண்பர்கள் பலரும் எதிர்பார்ப்பது வாய்க்கால், தோப்பு, பாட்டி கைப்பக்குவம். பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' அந்தக் கணக்கில் சேராது. 1991இல் வந்த அவருடைய முதல் நாவல். 2020இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

கதை பெரிசா ஒண்ணுமில்லை. குடியிருப்புக் காலனி கட்டுவதற்காக ஒரு குடும்பத்தின் பூர்வீகக் காடு கைவிட்டுப் போகிறது. எங்க கொங்குப் பக்கம் காடுன்னா வெள்ளாமைக் காடு. அந்தக் குடும்பம் சின்ன வீட்டுக்குக் குடி மாறுகிறது. பிறகு ஆசை, பொறாமை, பேச்சு, ஏச்சு. எல்லாத்தையும் செல்வன் என்கிற பையன் பார்த்துக்கொண்டே வளர்கிறான்.

நிலம் போன சோகம்னு இதைச் சுருக்கிடறாங்க. எனக்கு அப்படித் தோணலை. நிலம் போனதைவிட, அதுக்கப்புறம் நடந்ததுதான் இந்த நாவல். காடு இருக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி ராத்திரி அடிச்சுக்கிட்டாலும் விடிஞ்சா மாட்டுக்குத் தட்டுப் போடணும், பால் கறக்கணும். முகம் பார்த்துத்தான் ஆகணும். பணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவங்கவங்க பங்கைத் தனித்தனியா எண்ணிக்கிட்டுப் போயிடலாம்.

தலைப்பே எவ்வளவோ சொல்லுது. இறங்குவெயிலைத் தாங்கிடலாம், கொஞ்ச நேரத்தில் பொழுது சாஞ்சுடும். காலையில் களை வெட்டப் போனவனுக்குத்தான் ஏறுவெயில் தெரியும். உச்சி இனிமேல்தான் இருக்கு. வளர்கிற வயசும் அப்படித்தானே?

'இவ்வளவு இருட்டா எழுதணுமா'ன்னு கேட்கிறவங்க உண்டு. எங்க ஊருக்கு வந்து பாருங்க. என் தோட்டத்துக்கு மேற்கே சோளம் விளைஞ்ச இடத்தில் இப்ப கலர் அடிச்ச கல்லு நிக்குது. வித்தவங்க வீட்டில் கார் வந்துச்சு, மாடி வந்துச்சு. பங்கு பிரிச்சதில் அக்கா தங்கச்சி போக்குவரத்து நின்னுபோச்சு. ஒரு பெரியம்மா செத்ததுக்குக் கூடப் பிறந்தவங்களே வரலை. திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதற பிள்ளைங்க இதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. பெரியவங்க யாரும் அதைக் கவனிக்கிறதில்லை. பெருமாள்முருகன் கவனிச்சிருக்கார்.

நகரத்தில் இருக்கிற நீங்க இதைப் படிக்கணும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நீங்க குடியிருக்கிற காலனியும் ஒரு காலத்தில் யாரோ ஒரு செல்வன் ஆடு மேய்ச்ச இடமா இருக்கலாம். வீடு வாங்கினது தப்புன்னு சொல்ல வரலை. எல்லாருக்கும் கூரை வேணும். ஆனா 'நல்ல ரேட்டு வருதே, ஏன் இன்னும் விக்காம வெச்சிருக்கீங்க'ன்னு எங்களைக் கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதைப் படிச்சிடுங்க.

எங்க வீட்டுக்கும் புரோக்கர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார். தம்பிக்கு மனசு ஆடுது. அவனுக்கும் கடன் இருக்கு, அவன் பக்கமும் நியாயம் இருக்கு. நாவலை அவன் கையில் குடுத்து, 'படிச்சு முடி, அப்புறம் உட்கார்ந்து பேசலாம்'னு சொல்லியிருக்கேன்.

பாதி தாண்டியிருக்கான்.