ஹால்ட்டில் டிக்கெட் வாங்குங்கள்



நம் மணமேல்குடிக்கு ரயில் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் பேருந்தும்தான். ரயிலேற அறந்தாங்கிக்கோ பேராவூரணிக்கோ போக வேண்டும். ஆனாலும் திருவாரூர் – காரைக்குடி பாதையை நம்முடையது என்றுதான் சொல்கிறோம். சொல்ல நியாயமும் இருக்கிறது. 1894இல் முத்துப்பேட்டை வரை வந்த அந்தப் பாதை, தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்துக்காரர்களிடம் வரி வசூலித்துச் சேர்த்த பணத்தில் போட்டது. 1903இல் அறந்தாங்கியைத் தொட்டது.

அகலப்பாதை வேலைக்காக 2012இல் ரயில் நின்றது. முழுப் பாதையிலும் அது மறுபடி ஓடியது 2019 ஜூனில். கேட்டுகளில் ஆள் போடவில்லை. கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டிக்காரர் இறங்கிப் போய்ச் சாத்துவார். கடந்ததும் மறுபடி நிற்கும். பின்பெட்டிக்காரர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த வெயிலில் இறங்கி ஏறிய மனிதர்களை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் அந்த வண்டி ஓடியிருக்காது.

கேட்டுகளில் மட்டுமல்ல, நிலையங்களிலும் ஆள் இல்லாமல் ரயில் ஓடுவது உண்டு. ஜப்பானில் ஏறக்குறைய பாதி நிலையங்களில் ஊழியர்களே இல்லை. எஹிமே மாவட்டத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஷிமோநாடா அப்படியொன்று. நம் கரைக்காரர்களுக்குப் பார்த்ததும் பிடித்துப்போகும். இப்படிப்பட்ட பல நிலையங்களில் ஏறும்போது எண் அச்சிட்ட சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்திலுள்ள பெட்டியில் சீட்டையும் கட்டணத்தையும் போட வேண்டும்.

நம் நாட்டு வழி வேறு. ஹால்ட் என்கிற சின்ன நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. ஆனால் ஓர் ஆள் உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவர் ஒப்பந்தத்தில் ஹால்ட் ஏஜென்ட்டாக இருந்து டிக்கெட் விற்பார். பக்கத்துப் பெரிய நிலையத்தில் பணம் கட்டி டிக்கெட்டை வாங்கி வருவார். மாதச் சம்பளம் இல்லை. விற்ற டிக்கெட்டுக்குக் கமிஷன் மட்டும்தான். இந்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல்முறை ரயிலேறும் பாட்டிக்கு, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று எந்தப் பெட்டி சொல்லும்?

அந்த ஆள் நிலைப்பது நாம் வாங்கும் டிக்கெட்டில்தான். டிக்கெட் விற்காத நிலையத்தில், நாளைக்கு வண்டி ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வி வரும். பத்து ரூபாய் தூரம்தானே என்று சும்மா ஏறிவிடாதீர்கள். ஹால்ட்டில் ஏறுகிறவர்கள் ஏஜென்ட்டின் ஜன்னலிலேயே வாங்குங்கள். கைப்பேசியில் எடுத்தால் அவருக்குக் கமிஷன் போகாது.

உங்களுக்கு ஒரு வேலையும் தருகிறேன். ஆயிங்குடி, வாளரமாணிக்கம், ஒட்டங்காடு போன்ற சின்ன நிலையங்களின் மீட்டர்கேஜ் காலத்துப் படங்களோ அட்டை டிக்கெட்டுகளோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். அங்கே வேலை பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். வருகிற இதழ்களில் பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்