காற்று புளிக்கவைக்கும் பீர்!

பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸ். அதன் தெற்கு ரயில் நிலையத்தில் இறங்கி பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், அந்தர்லெக்ட் பகுதியில் தெருவோடு தெருவாக ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. பெயர், கான்டியோன். 1900-ல் போல் கான்டியோன், மரி ட்ரோஷ் தம்பதி தொடங்கிய குடும்பத் தொழில் இது. இன்று நடத்துவது நான்காவது தலைமுறை. உள்ளே நுழைந்தால் பளபளக்கும் ஸ்டீல் தொட்டிகளை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பெல்ட் போட்டு ஓடும் பழைய இயந்திரங்கள், மர ஏணிகள், தூசி படிந்த பீப்பாய்கள், மூலைக்கு மூலை சிலந்தி வலை.

அந்த வலைகளை யாரும் துடைப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். பழமும் புளிப்பும் இருக்கும் இடத்தில் ஈ மொய்க்கும். ஈயைப் பிடிக்க மருந்து அடித்தால், பீரை உருவாக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் செத்துப்போகும். அதனால் சிலந்திகள் இங்கே சம்பளம் வாங்காத ஊழியர்கள்!

உலகின் பெரும்பாலான பீர்களுக்கு ஈஸ்ட்டை ஆய்வகத்தில் வளர்த்து, அளந்து சேர்க்கிறார்கள். இங்கே தயாராகும் ‘லாம்பிக்’ பீருக்கு அப்படி எதையும் சேர்ப்பதில்லை. நம் வீட்டில் இட்லி மாவை அரைத்து வைத்தால், யாரும் எதுவும் போடாமலே மறுநாள் காலை பொங்கி நிற்கிறதல்லவா? அரிசியிலும் உளுந்திலும் பாத்திரத்திலும் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. லாம்பிக்கும் அந்த ஜாதிதான். மாவுக்கு ஓர் இரவு போதும். லாம்பிக்குக்கு மூன்று வருடம் வரை வேண்டும்.

முளைகட்டிய பார்லி சுமார் மூன்றில் இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை ஒரு பங்கு. இரண்டையும் உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை இறக்குகிறார்கள். பிறகு ஹாப்ஸ் பூக்களைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைக்கிறார்கள். மற்ற ப்ரூவரிகள் புத்தம்புது ஹாப்ஸைத் தேடி ஓடும். இவர்களோ இரண்டு, மூன்று வருடம் கிடந்து கசப்பும் வாசனையும் போன பழைய ஹாப்ஸைத்தான் விரும்புவார்கள். பீர் கெடாமல் காப்பது மட்டுமே இங்கே அதன் வேலை.

கொதித்த சாறு மேல் மாடிக்கு ஏறுகிறது. கூரைக்கு அடியில் அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. ‘கூல்ஷிப்’ என்பார்கள். கான்டியோனில் அது சுமார் 7,500 லிட்டர் பிடிக்கும். ஜன்னல் பலகைகளைத் திறந்துவைத்துவிட்டு எல்லோரும் கீழே போய்விடுவார்கள். இரவு முழுக்க குளிர்காற்று அதன்மேல் தவழும். காலையில் சூடு 20 டிகிரிக்கு அருகே இறங்கியிருக்கும். அதற்குள் காற்றிலும் மரச்சட்டங்களிலும் குடியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சாற்றில் இறங்கி வேலையை ஆரம்பித்திருக்கும். அவற்றில் முக்கியமான ஒன்றின் அறிவியல் பெயரிலேயே ஊர் இருக்கிறது: பிரெட்டனோமைசஸ் பிரக்ஸெல்லென்சிஸ்.

அடுத்த நாள் சாறு ஓக் மரப் பீப்பாய்களுக்குப் போகிறது. முதல் சில நாள்கள் நுரை பொங்கி வழியும் என்பதால், பீப்பாயின் வாயை மூடுவதில்லை. அது அடங்கியதும் அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

சுற்றிப் பார்த்து முடித்ததும் வருகிறது டேஸ்டிங். முதலில் தருவது இளம் லாம்பிக். நுரையே இல்லாமல், பழச்சாறு போல சலனமற்று இருக்கும். முதல் மடக்கில் முகம் சுருங்காதவர்கள் குறைவு. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், ஈர வைக்கோல், பழைய தோல் பை என்று ஆளுக்கு ஒரு வாசனை சொல்வார்கள். குதிரைப் போர்வை வாசனை என்பதை இந்த ஊரில் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது ‘கூஸ்’. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அதுதான் கூஸ். ஒரு வயதுப் பீரில் மிச்சமிருக்கும் சர்க்கரை, பாட்டிலுக்குள் மறுபடி புளித்து நுரையைத் தருகிறது. மூத்த பீர்கள் சுவையையும் ஆழத்தையும் தருகின்றன. எந்தப் பீப்பாயிலிருந்து எவ்வளவு என்று எந்த இயந்திரமும் சொல்லாது. கலப்பவர் ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். மூன்றாவதாக ‘க்ரீக்’. லிட்டருக்குச் சுமார் 200 கிராம் புளிப்புச் செர்ரியை லாம்பிக்கில் ஊறப்போட்டு எடுத்தது. நிறம்தான் ரோஸ்மில்க்கை நினைவூட்டும். இனிப்பைத் தேடினால் கிடைக்காது.

எல்லாமே சின்ன கிளாஸில்தான். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருடம் காத்திருந்து வந்ததை மூன்று நிமிடத்தில் கவிழ்க்க அங்கே யாருக்கும் மனம் வருவதில்லை.

இவ்வளவு பெருமையும் ஒரு காலத்தில் கைவிட்டுப் போக இருந்தது. கான்டியோன் தொடங்கிய காலத்தில் பிரஸ்ஸல்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மக்களின் நாக்கு இனிப்புக்கு மாறியது. குளிர்பானங்கள் வந்தன. சில வாரங்களில் தயாராகும் மலிவான லாகர் பீர் வந்தது. மூன்று வருடம் பணத்தைப் பீப்பாய்க்குள் முடக்கிவிட்டு, விற்குமா விற்காதா என்று தெரியாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? ஒவ்வொன்றாக மூடினார்கள். தாக்குப்பிடித்த பலரும் புளிப்பை மறைக்கச் சர்க்கரை சேர்த்தார்கள்.

கான்டியோன் குடும்பத்தின் மருமகன் ஜான் பியர் வான் ராய் சர்க்கரை பக்கம் போகவில்லை. 1978-ல் அவர் ஆலையின் கதவை மக்களுக்குத் திறந்துவிட்டார். பீர் காய்ச்சும் இடத்தையே கூஸ் அருங்காட்சியகம் ஆக்கினார். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் செம்புத் தொட்டியையும் பீப்பாய்களையும் பார்த்தார்கள். இந்தப் பீர் ஏன் புளிக்கிறது, ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று புரிந்த பிறகு அந்தப் புளிப்பு அவர்களுக்குப் பிடித்துப்போனது. கடையில் வாங்காதவர்கள் இங்கே வந்து வாங்கினார்கள். இன்று அவர் மகன் ஜான் வான் ராய் காய்ச்சும் பீருக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். இந்த ஆலை பிழைத்ததில் பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பக்கத்து ஊர்களிலும் இதே கதைதான். நகருக்குத் தெற்கே பேர்செலில் இருக்கும் ‘ட்ரீ ஃபோன்டெய்னன்’ ஆலையில் 2009 மே மாதம் ஒரு விபத்து. பாட்டில்களை வைத்திருந்த அறையின் தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடு ஏறிக்கொண்டே போனது. ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்துச் சிதறின. வெடிக்காதவையும் வெந்து வீணாயின. பல வருட உழைப்பு ஒரே இரவில் போனது. உரிமையாளர் அர்மான் டெபெல்டர் வீணான பீரைக் கொட்டிவிடாமல், காய்ச்சி வடித்து ஒரு மதுவாக்கி விற்றார். மிச்சமிருந்த லாம்பிக்கைக் கொண்டு நான்கு பருவங்களின் பெயரில் நான்கு கூஸ் கலந்தார். மற்ற ஆலைகள் தங்கள் சாற்றைக் கொடுத்து உதவின. 2013-ல் அவர் மறுபடி சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்தார். 2022-ல் அவர் மறைந்தபோது ஆலை நிமிர்ந்து நின்றது.

பல லாம்பிக் ஆலைகளை ஒரே வார இறுதியில் பார்க்க வேண்டுமா? லாம்பிக் தயாரிப்பாளர் சங்கம் 1997 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ‘டூர் டி கூஸ்’ என்ற திறந்தவாசல் விழாவை நடத்துகிறது. ஆலைக்கு ஆலை பஸ் விடுகிறார்கள். குடித்துவிட்டு யாரும் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டியதில்லை.

விபத்தையும் சந்தை வீழ்ச்சியையும் தாண்டி வந்த இந்தத் தொழிலுக்கு இப்போது வந்திருப்பது வேறு மாதிரியான சிக்கல். லாம்பிக்கைக் குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்ச முடியும். இரவின் குளிர் மைனஸ் 3 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருந்தால் உத்தமம். சூடு கூடினால் சாறு மெதுவாக ஆறும். வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காய்ச்சுவதற்கு ஏற்ற நாள்கள் ஆண்டுக்குச் சுமார் 165. இப்போது சுமார் 140. 2015 நவம்பரில் குளிர் வராததால், கான்டியோனில் காய்ச்சுவதையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

அறைக்கு ஏ.சி. போட்டுக் குளிரவைத்தால் என்ன என்று கேட்கலாம். அந்தக் காற்றை உள்ளே விடுவதற்காகத்தானே ஜன்னலே! அதனால் இவர்கள் இப்போதைக்குச் செய்வது, நாள் பார்த்துக் காய்ச்சுவதுதான். வானிலை அறிக்கையைப் பார்த்து, குளிர் இறங்கும் இரவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பிரஸ்ஸல்ஸ் போகிறவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் போனால், கொதிக்கும் சாற்றின் ஆவி மாடி ஜன்னல் வழியே தெருவுக்கு வருவதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. கோடையில் போனால் பீப்பாய்களை மட்டும்தான் பார்க்கலாம். அவையும் சும்மா இருப்பதில்லை. காதை வைத்துக் கேட்டால், இளம் பீப்பாய் ஒன்று உள்ளே மெல்லக் குமிழியிட்டுக்கொண்டிருக்கும்.