பாஸ்போர்ட்டில் விடுபடும் முத்திரை: கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.

நகல்: மண்டல பாஸ்போர்ட் அலுவலர், மதுரை, ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை.

அனுப்புநர்: வெளிநாட்டில் வேலை செய்வோரின் குடும்பத்தினர் சங்கம், சோழவந்தான், வாடிப்பட்டி வட்டம்.

பொருள்: பயண முத்திரை விடுபடுவதால் நேரும் இடர்ப்பாடு – தீர்வு கோருதல் – தொடர்பாக.



கொடிக்காலையும் தென்னையையும் நம்பியிருக்கும் எங்கள் பகுதியில் வெளிநாட்டுச் சம்பளத்தில் ஓடும் வீடுகளும் உண்டு. சிங்கப்பூருக்கு மதுரையிலேயே விமானம் ஏறுகிறோம். மலேசியா என்றால் திருச்சியோ சென்னையோ போக வேண்டும்.

இப்பயணங்களில் பாஸ்போர்ட்டில் முத்திரை விடுபடுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவோ, முறைப்படி அனுமதி பெறாமல் நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 அடி வரை பிரம்படி என்கிறது. வரிசையில் நின்று கவுன்ட்டர் வழியாகவே போனவர், அதிகாரி சீல் வைக்க மறந்ததால் சோதனையில் மாட்டினால், தான் வந்த வழியைத் தானே நிரூபித்தாக வேண்டும். போர்டிங் பாஸை அன்றே கிழித்துப் போட்டிருப்பார்.

சிங்கப்பூரில் சிக்கல் வேறு. அங்கே இப்போது வருகை முத்திரையே கிடையாது. எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. மகள் பிரசவத்துக்குப் போகும் எங்கள் ஊர்த் தாய்மாருக்கு மின்னஞ்சல் ஏது? வருகை அட்டையை நிரப்பித் தரும் கம்ப்யூட்டர் சென்டர்காரர் அதில் தன் மின்னஞ்சல் முகவரியையே போட்டுவிட்டால், அம்மா அங்கே இருப்பார், கெடு தேதி இங்கே கடையில் கிடக்கும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளும் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரையை விட்டு விரல்ரேகைப் பதிவுக்கு மாறத் தொடங்கிவிட்டன.

ஊர் திரும்பினாலும் தொல்லை தீர்வதில்லை. வருமான வரிக்கு, இந்தியாவில் தங்கியது 182 நாளை எட்டியதா என்ற கணக்கைக் காட்ட வேண்டும். முத்திரை இல்லாவிட்டாலோ பழைய பாஸ்போர்ட் தொலைந்தாலோ எதைக் காட்டுவது? விவரம் எல்லாம் குடியேற்றப் பணியகத்தின் கணினியில் இருக்கிறது. ஆனால் அப்பணியகம் உளவுத்துறையின் கீழ் வருவதால், தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவைக் காட்டி மறுக்க இடமுண்டு. சொந்தப் பயணத்தின் தேதி பயணிக்கே ரகசியமா?

ஆகவே, பாஸ்போர்ட்டையும் அடையாளச் சான்றையும் காட்டி விண்ணப்பிப்பவருக்கு 15 நாளுக்குள் பயண விவரச் சான்று, மதுரை பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவே கிடைக்கும்படி மத்திய உள்துறைக்கும் வெளியுறவுத் துறைக்கும் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். இதுவே எங்கள் தலையாய கோரிக்கை. மதுரை விமான நிலைய கவுன்ட்டர்களில், முத்திரையையும் தேதியையும் சரிபார்த்த பிறகே நகரும்படி தமிழில் பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதிகாரியே தேதியை வாய்விட்டுச் சொன்னால் நல்லது. வாடிப்பட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை முகாம் நடத்தி, பயணம் போவோருக்குச் சொந்த மின்னஞ்சல் தொடங்கித் தருவதோடு, தூதரகக் குறைகளுக்கான 'மதத்' இணையதளத்தில் புகார் பதியவும் கற்றுத்தர வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களை விசிட் விசாவில் வேலைக்கு அனுப்பிவிட்டு, காலம் கடந்ததும் போலி முத்திரைக்கு வழிகாட்டும் ஏஜென்டுகளுக்காக நாங்கள் வரவில்லை. அவர்கள் மீது வழக்குப் பதிய வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கையே.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
சோழவந்தான்