விளக்கு அணைந்தால் போதுமா?

காரில் சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையவில்லையா? எங்கோ கோளாறு. பக்கவாட்டு ஏர்பேக் என்றால் முதலில் முன்சீட்டின் அடியில் உள்ள மஞ்சள் கனெக்டரைப் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள ஒயர் இழுபட்டுத் தொடர்பு தளரும். அந்தச் சர்க்யூட்டின் மின்தடையே ஏறக்குறைய 2 ஓம்தான். கொஞ்சம் கூடினாலும் கண்ட்ரோல் யூனிட் கண்டுபிடித்துவிடும்.

முறைப்படி பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, ஏர்பேக்குக்குப் பதில் அதே அளவு ரெசிஸ்டரை மாட்டிச் சோதிக்க வேண்டும். கோளாறு மறைந்தால் குறை ஏர்பேக் பக்கம். மறையாவிட்டால் ஒயர் பக்கம். ஏர்பேக்கில் சாதாரண மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, வெடித்துவிடலாம்.

ஆனால் சிலர் என்ன செய்கிறார்கள்? "லைட்டுதானே சார், போயிடுச்சு பாருங்க!" என்று அந்த ரெசிஸ்டரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். லைட் போச்சு, சரி. ஏர்பேக்கும் சேர்ந்து போச்சே! பக்கவாட்டில் லாரி மோதினால் கதவுக்கும் விலாவுக்கும் நடுவே ரெசிஸ்டரா விரியும்?

சோதிக்க மாட்டினால் அது தொழில். மறைக்க மாட்டினால் அது துரோகம். நாளை ஸ்பேனர் பிடிக்கப்போவது நாம்தான். விளக்கை அல்ல, கோளாறை அணைப்போம்!