பூட்டின பேரேடும் திறந்த பீரோவும்

பி.காம். படிக்கிறவனுக்கு லினக்ஸில் என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் கேட்கலாம்.

எங்கள் துறை விழாவின் வரவு செலவெல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில்தான் இருந்தது. 2011-ல் அரசு ஆரம்பித்தார்களே இலவச லேப்டாப் திட்டம், அதில் அக்காவுக்குக் கிடைத்தது. தென்னூர் வீட்டுப் பரணில் கிடந்ததைத் தூசி தட்டி, டெபியன் லினக்ஸ் போட்டு எடுத்துப் போனேன். (நம்ம ஊர் சி-டாக்கின் பாஸ் லினக்ஸுக்கும் அடிப்படை இதே டெபியன்தான்.) நாலு பேருக்கு நாலு லாகின், பொதுவாக ஒரு ஃபோல்டர்.

முதல் நாளே ஜூனியர் தம்பிக்கு 'பர்மிஷன் டினைட்'. கூகுளில் தேடினால் யாரோ ஒரு மகான் 'சிஎச்மோட் 777 போடு' என்றிருந்தார். ஃபோல்டருக்குப் போட்டேன், வேலை நடந்தது. ஆனாலும் நான் பொருளாளர் ஆயிற்றே! என் கணக்கு பைலுக்கு மட்டும் 444. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்பது கணக்கு. ஆக எல்லோரும் படிக்கலாம், யாரும் எழுத முடியாது. பூட்டியாச்சு என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை பார்த்தால் பைலே இல்லை. இடம் காலி பண்ணுகிறேன் என்று தம்பி அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியையும் சுத்தமாகத் துடைத்துவிட்டான். "நீங்க லாக் பண்ணியிருந்தா அது எப்படிண்ணே அழிய விட்டுச்சு?" என்று என்னையே கேட்டான். நியாயமான கேள்வி.

யூனிக்ஸில் ஃபோல்டர் என்பது பெட்டி இல்லை, ஒரு பட்டியல். இந்தப் பெயருக்கு இந்த எண் என்று எழுதி வைத்த பதிவேடு. ஒரு பைலை அழிப்பது என்றால் அந்தப் பட்டியலில் ஒரு வரியை அடிப்பது. அதற்குப் பட்டியலில் எழுதும் உரிமை போதும், பைலைத் தொடவே வேண்டாம். நான் பேரேட்டைப் பூட்டிவிட்டு பீரோ சாவியை நாலு பேருக்கும் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அழித்திருந்தால் 'எழுதத் தடை உள்ள பைல், அழிக்கவா?' என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கும். அதுவும் மரியாதைக்குத்தான்.

அழிந்ததுகூடப் பரவாயில்லை. என் பைலை ஒருவர் காப்பி எடுத்து, தொகையை மாற்றி, அசலை அழித்துவிட்டு அதே பெயரில் வைத்திருந்தால்? 444 அப்படியே இருக்கும், கணக்கு மட்டும் வேறாக இருக்கும். 'எல்எஸ் மைனஸ் எல்' கொடுத்து மூன்றாவது பத்தியில் உரிமையாளர் பெயரைப் பார்த்தால்தான் தெரியும். யார் பார்க்கிறார்கள்? ஆடிட்டிங் பேப்பரில் இன்டர்னல் கன்ட்ரோல் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு எழுதித் தள்ளுகிற நாம்தான் 777 போடுகிறோம். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 'நாலு பேர் இருக்கிற இடத்துக்கு இவ்வளவு கெடுபிடியா' என்பவர்கள், வவுச்சர் கட்டைப் பிரித்து இரண்டு ராத்திரி மறுபடி என்ட்ரி போட்ட என்னைக் கேளுங்கள். அதிலும் ஒரு ஆட்டோ பில் கிடைக்காமல் 340 ரூபாய் என் பையிலிருந்து போனது.

இதற்கு மருந்தும் பழசுதான். ஸ்டிக்கி பிட். எழுபதுகளில் புரோகிராமை ஸ்வாப்பில் ஒட்டவைக்க வந்தது, பிற்பாடு ஃபோல்டருக்குக் காவலாக மாறியது. டெம்ப் ஃபோல்டரைப் பாருங்கள், உரிமைகளின் கடைசி எழுத்து எக்ஸுக்குப் பதில் டி. எல்லோரும் பைல் வைக்கலாம். ஆனால் பைலுக்குச் சொந்தக்காரர், ஃபோல்டருக்குச் சொந்தக்காரர், ரூட் தவிர யாரும் அழிக்க முடியாது. நாலு பேரையும் ஒரு குரூப்பில் சேர்த்து ஃபோல்டருக்கு 1770 போட்டேன். வெளியாள் எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

தம்பிக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப ஃபோல்டர் உங்க பேர்லதானே இருக்கு? என் பைலை நீங்க அழிக்கலாமாண்ணே?"

அழிக்கலாம். இந்த வாரம் ஃபோல்டரை ரூட் பெயருக்கு மாற்றிவிட்டு, ரூட் பாஸ்வேர்டை எங்கள் சாரிடம் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்கப் போகிறேன்.